அழாத ராஜா

“ராஜாவுக்குக் குரல் கொடுத்த ஆளுக்குப் பிள்ளைகுட்டியே கிடையாது போல. இருந்திருந்தா இப்படியா பேசியிருப்பான்?”

உதயா அந்த வரியைப் படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். யாரோ முகம் தெரியாதவன் எழுதியது. அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள்.

‘நாகமலை ராஜ்யம்’ தொடரின் கடைசி எபிசோடு முந்தின நாள் வெளியாகியிருந்தது. அதில் வரும் மந்திரவாதிகளையும் பறக்கும் நாகங்களையும் தமிழ் பேச வைத்தது, டெல்லி முனிர்காவில் ஒரு பேஸ்மெண்டில் இருந்த உதயாவின் டப்பிங் ஸ்டூடியோதான். கிழட்டு ராஜாவின் குரலை இத்தனை வருஷமும் தலையில் வைத்துக் கொண்டாடிய ஜனங்கள், ஒரே ராத்திரியில் அதைக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் ஒரே ஒரு காட்சியால் வந்த வினை. போர் முடிந்து, குவிந்து கிடக்கும் பிணங்களுக்கு நடுவே ராஜா தன் மகனைக் கண்டுபிடிக்கிறார். “மகனே, இந்த மணிமுடி உனக்காகத்தானே காத்திருந்தது” என்று கதற வேண்டும். ராஜாவுக்குப் பேசிய ராஜசேகரன் கதறவில்லை. தணிந்த குரலில், “டேய், எழுந்திருடா. நேரமாச்சு பாரு” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

போதாதா? ராஜா பிள்ளையை மெட்ரோ பிடிக்க எழுப்புகிறார் என்று ஒருவன் படம் போட்டிருந்தான். இதைக் கேட்கவா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று ஒருத்தி மூக்கைச் சிந்தியிருந்தாள். திட்டுகளில் பாதி, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியவை. அவற்றின் காரம் மட்டும் குறையவில்லை.

தொடரை டப்பிங்குக்குக் கொடுத்த மும்பைக் கம்பெனியிலிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சியை மறுபடி பேசி அனுப்ப வேண்டும், தவறினால் அடுத்த தொடரைச் சென்னைக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். அது கைவிட்டுப் போனால் உதயா ஸ்டூடியோவை இழுத்து மூட வேண்டியதுதான்.

அவளுக்குத் தன் மேலேயே கோபம். அன்றைக்கு ஓகே சொன்னது அவள்தானே. ராஜா மகனின் மார்பில் முகம் புதைத்திருப்பதால் வாயசைவு தெரியாது, எதைச் சொன்னாலும் பொருந்தும். மும்பைக்காரர்கள் வேறு ஜல்தி ஜல்தி என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த அவசரத்துக்கும் ராஜசேகரன்தான் காரணம். ரெக்கார்டிங் நெருக்கடியில் இருக்கும்போது, வீட்டில் கொஞ்சம் வேலை என்று ஒரு வாரம் காணாமல் போனார். அந்தக் காட்சியைப் பேசத் திரும்பி வந்தபோது மழுங்கச் சிரைத்த தலை, மீசையும் இல்லை. மலை மந்திர் முருகனுக்கு நேர்ந்துகொண்டிருப்பார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். சவுண்டு பார்க்கும் அர்விந்த், பிரசாதம் எங்கே அங்கிள் என்று கேட்டபோதும், வசனத்தாளைப் புரட்டிக்கொண்டே மைக்குக்கு முன்னால் போய் நின்றார். வேண்டுதலுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று உதயா மனசுக்குள் கரித்துக்கொட்டினாள்.

மத்தியானம் ராஜசேகரன் ஆர்.கே.புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மைக்குக்கு முன்னால்தான் சிங்கம், வெளியே வந்தால் வாயைத் திறக்க மாட்டார்.

“எல்லாம் படிச்சீங்களா சார்?”

“படிச்சேன்மா.”

“பிள்ளைகுட்டி இல்லாதவன்னு ஒருத்தன் எழுதியிருக்கானே?”

“அதையும்தான் படிச்சேன்.”

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இந்த மனுஷனுக்குச் சூடு சுரணையே கிடையாதா என்று உதயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வயசில் பெரியவர், அடக்கிக்கொண்டாள். வசனத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“எனக்கு அழுகை வேணும் சார். இதுல இருக்கறது இருக்கறபடி. இன்னிக்கும் சரியா வரலைன்னா, வேற ஆளைத்தான் கூப்பிடணும். தப்பா நினைச்சுக்காதீங்க.”

அவர் தப்பாக நினைத்ததாகத் தெரியவில்லை. உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அர்விந்த் கை காட்டினான். திரையில் ராஜா மகன் மேல் குனிந்தார். ராஜசேகரன் வாயைத் திறந்தார்.

அப்படி ஒரு கதறல். மகனே என்ற ஒரு வார்த்தையிலேயே உதயாவின் உடம்பு சிலிர்த்துவிட்டது. மணிமுடி என்று வந்த இடத்தில் குரல் உடைந்து, விம்மி, மூச்சு திணறி அடங்கியது. ஒரே டேக். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த அர்விந்துக்குத் தமிழ் அரைகுறைதான். அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஹுத் படியா, ரொம்பப் பிரமாதம் என்று முணுமுணுத்தான்.

உதயாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்டூடியோ பிழைத்துவிட்டது, இந்தக் கிழவரையும் விரட்ட வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவளே உள்ளே போனாள். அவர் முகம் வேர்வையில் நனைந்திருந்தது. கண்கள் காய்ந்துதான் இருந்தன.

“இவ்வளவு நல்லா அழத் தெரிஞ்ச நீங்க, அன்னிக்கு ஏன் சார் அப்படிப் பண்ணீங்க?” என்றாள், சிரித்துக்கொண்டே. “செத்துக் கிடக்கற பிள்ளையை எந்த அப்பாவாவது எழுந்திருடா, நேரமாச்சுன்னு எழுப்புவாரா?”

ராஜசேகரன் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“நான் எழுப்பினேன்மா.”