முந்நூறாவது கோடு

"சார், இவரை எழுதிக்காதீங்க. காலையிலேருந்து இது நாலாவது தடவை!"

ஜன்னலுக்குள்ளிருந்து தையல்காரி குரல் கொடுத்தாள். தலையில் கூடையோடு வாய்க்கால் பலகையைக் கடந்துகொண்டிருந்த கொத்தனார், பாதியில் நின்று முறைத்தார்.

"உன் வாயைத் தைக்க ஒரு ஊசி இல்லையா, தங்கச்சி?"

"ஊசி இருக்குண்ணே. நூல்தான் பத்தாது."

கணக்கெடுக்க வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவள் வீட்டு ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு, மடியில் படிவத்தோடு காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். ஏழைக் குடியிருப்புகளின் மேம்பாட்டுக்கென்று அரசு நிதி ஒதுக்கியிருந்தது. இந்த ஒற்றைப் பலகையை எடுத்துவிட்டுப் பாலம் கட்டித் தரவேண்டும் என்று இந்தத் தெருக்காரர்கள் மனு போட்டிருந்தார்கள். மாலை ஆறுக்குள் முந்நூறு பேர் கடந்தால் பாலம். ஒரு ஆள் குறைந்தாலும் நிதி வேறு இடத்துக்குப் போய்விடும். ஆளுக்கு ஒரு கோடுதான். பத்துத் தடவை நடந்தாலும் ஒன்றுதான்.

மத்தியானம் வரை ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் ஆரம்பித்தது கூத்து. இஸ்திரிக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். பிளம்பர் மீசையை எடுத்துவிட்டே வந்துவிட்டார். மீன்காரம்மா முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். கூடை வாசனை காட்டிக் கொடுத்தது. கணக்கெடுப்பவர் அசந்தாலும் தையல்காரி விடவில்லை.

"மீசைய வளத்துட்டு வாங்கண்ணே, அப்புறம் பாக்கலாம்!"

பிளம்பர் அசடு வழிந்தார்.

ஜன்னல் வழியாக அவள் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினாள். வாங்கிக் குடித்தவர் கேட்டார்.

"ஏம்மா, உங்களுக்குப் பாலம் வேண்டாமா? இப்படிக் காட்டிக் கொடுக்கறீங்களே!"

"வேண்டாம்னு யார் சொன்னா? ஏமாத்தி வாங்கினா, அது மேல போறப்பல்லாம் உறுத்துமே சார்."

"அது சரி. ஆனா, சுமையோடயே ஒரே எட்டுல தாண்டறாங்க. இவங்களுக்கு எதுக்குப் பாலம்?"

அவள் துணியை இழுத்து ஊசிக்கடியில் வைத்தாள். வலது கையால் மெஷின் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தாள்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம். கோடுகளை ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணினார். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. தெருவே கரையில் கூடி நின்றது.

"இன்னும் கடக்காத ஆள் ஒருத்தர்கூடவா பாக்கியில்ல?" என்று கேட்டார். அவருக்கே தாங்கவில்லை.

சட்டென்று அவருக்கே உறைத்தது. உற்சாகமாக ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அடடே, நீங்க இருக்கீங்களேம்மா! காலையிலேருந்து இந்த ஜன்னலை விட்டு நகரவே இல்ல. ஊரையெல்லாம் கணக்குப் பண்ணிட்டு உங்களை மறந்துட்டீங்களே! வாங்க, ஒரே எட்டு, தாண்டிட்டு வந்துடுங்க. முந்நூறு!"

மெஷின் சத்தம் நின்றது. மீன்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொத்தனார் கூடையை இறக்கிவைத்தார்.

"அதுக்குத்தான் சார் பாலமே கேட்டோம்" என்றார் கொத்தனார்.

ஒன்றும் புரியாமல் எழுந்து, ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு இரண்டு பெரிய சக்கரங்கள் இருந்தன.

அவர் மெல்ல உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"சார், என்னை எழுதிக்காதீங்க" என்றாள் அவள். "நான் இன்னும் கடக்கலையே."

"கடக்கத்தானேம்மா போறீங்க" என்று முந்நூறாவது கோட்டைப் போட்டார்.