காப்பாற்றத் தகுந்த மரங்கள்

பக்கத்துத் தோப்பில் மெஷின் ரம்பம் உறுமத் தொடங்கியதும் தம்பிக்கு உள்ளம் குளிர்ந்தது. அண்ணன் மரம் வெட்டுகிறான்; அதுவும் கார்பன் கம்பெனி அதிகாரி வந்து நிற்கிற இன்றைக்குப் பார்த்து. பக்கத்தில் வெட்டினால்தானே காக்கிறவன் அருமை தெரியும்.

மரங்களை வெட்டாமல் காத்தால் கம்பெனி வருடா வருடம் பணம் தரும். எங்கோ ஒரு தொழிற்சாலை விடுகிற புகைக்கு அது ஈடாம். தம்பி மனைவியின் ஆபரேஷன் அந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தது.

அண்ணனுக்கு இதிலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. மழை பொய்த்தாலும் பூமி சூடாகிறது என்பார்கள், கொட்டித் தீர்த்தாலும் அதையேதான் சொல்வார்கள் என்று சிரிப்பான். "காத்தை மூட்டை கட்டி விக்கிறாங்க, நீ போய்த் தராசு பிடிக்கிறியா?" என்று தம்பியைக் கேட்டதும் உண்டு.

அதிகாரி மரங்களை அளந்து முடித்தார். இவற்றை வெட்டும் எண்ணம் உண்டா, வியாபாரி யாராவது விலை கேட்டாரா என்று விசாரித்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும் அதையே கேட்டார்.

தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். "எல்லாம் என் பிள்ளைங்க மாதிரி சார். கோடாலியோட எவனும் இந்த வேலியைத் தாண்ட முடியாது."

போன வாரம் மர வியாபாரி வீடு தேடி வந்து விலை பேசிவிட்டுப் போனதை அப்படியே விழுங்கிவிட்டான்.

அதோடு விட்டானா? அதிகாரியைக் கையோடு அழைத்துப்போய் அண்ணன் தோப்பையும் காட்டினான். பாதி மொட்டையாகிக் கிடந்தது. மீதியையும் சீக்கிரமே சாய்த்துவிடப் போவதாக, கேட்காமலே சொன்னான் அண்ணன்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. அங்கேயே அண்ணனிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். காற்றுக்கு விலை கிடைத்தால் வேண்டாம் என்பானேன் என்று அண்ணனும் போட்டுவிட்டான்.

"அப்போ என் தோப்பு சார்?"

"அது எப்படியும் நிக்கப்போற மரம். சாயப்போற மரத்தைத் தடுத்தாத்தான் எங்களுக்குக் கணக்கு."

தம்பி எல்லாவற்றையும் கொட்டினான்: வியாபாரி வந்தது, மனைவியின் நிலைமை, வேறு வழியில்லாவிட்டால் தானும் வெட்டத்தான் வேண்டியிருக்கும் என்பது வரை.

அதிகாரி பரிவோடு அவன் தோளைத் தட்டினார்.

"பாதி வெட்டினதும் போன் பண்ணுங்க சார். மீதியைக் காப்பாத்திடலாம்."