நாலு விரல் தெளிவு

பெரியப்பாவின் நாற்காலிக்கும் அப்பாவின் நாற்காலிக்கும் நடுவே ஒரு கட்டிலைப் போட்டுவிடலாம்.

பெரியப்பா முன்னால், சன்னலோரம். அப்பா பின்னால், பீரோவை ஒட்டி. ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரவல் வாங்கிய ஏணி ஒரு படி குறைந்து திரும்பி வந்ததில் நின்றுபோன பேச்சு. வாங்கியது யார், தந்தது யார் என்பதில்கூட வீட்டில் இரண்டு கட்சி.

இருவருக்கும் ஒரே தங்கை, அத்தை. விடிந்தால் அவளுக்கு விமானம். மகளோடு போய் இருக்கப் போகிறாள். திரும்பி வருவதாக இல்லை.

"அண்ணனுங்க ரெண்டு பேரும் ஒரே படத்துல வேணும். தனித்தனியா எடுத்து ஒட்டுற வேலையெல்லாம் வேணாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

சொன்னது அப்பாவின் மகளிடம். மாலை வகுப்பில் புகைப்படம் படிப்பவள்.

அவள் கொண்டுவந்தது ஒரு பழைய லென்ஸ். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இணைப்பு வளையம் ஒன்றை வைத்துப் புதுக் கேமராவில் மாட்டினாள். கேமராவுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. 'லென்ஸ் இல்லை' என்று திரையில் சாதித்தது.

எதிரே இருப்பதை இல்லை என்று சாதிப்பதில் அது இந்த வீட்டுக்குச் சளைத்ததல்ல. எதையெதையோ அழுத்தி அதைச் சமாதானப்படுத்தினாள்.

"இவ்ளோ பெரிய உடம்புக்கு இத்துனூண்டு மூக்கா?" என்றார் பெரியப்பா.

"தானா ஃபோகஸ் ஆகாது பெரியப்பா. கையாலதான் திருப்பணும்."

திருப்பினாள். எது தெளிவாக இருக்கிறதோ அதன் ஓரத்தில் கேமரா சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். சிவப்பு பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடியில் மின்னியது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் அங்கே அணைந்து, அப்பாவின் மீசையில் பற்றிக்கொண்டது. இரண்டிலும் சேர்ந்தாற்போல் நிற்கவில்லை.

மூன்று முறை பார்த்தாள். தன் கண்ணை ஒரே தடவையில் நம்பி அவளுக்குப் பழக்கமில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இந்த லென்ஸுக்கு நாலு விரல் ஆழத்துக்குத்தான் தெளிவு. ஒருத்தர் முகம் நல்லா விழுந்தா, இன்னொருத்தர் புகையாத்தான் விழுவாங்க."

அப்பா சுவரிலிருந்து கண்ணை எடுத்தார்.

"யாரு புகை?" என்றார் அப்பா.

"பின்னாடி இருக்கறவங்க."

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பெரியப்பா அதைப் பார்க்காதது போல் பார்த்துவிட்டு, தன்னுடையதை அரை அடி நகர்த்தினார். அப்பா ஓர் அடி. பெரியப்பா இன்னோர் அடி. அவள் கேமராவோடு பின்வாங்கிப் பின்வாங்கி அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னை வழியனுப்ப வந்துட்டு, எனக்கு முன்னாடி நீங்க கிளம்பிடுவீங்க போலிருக்கே!" என்றாள் அத்தை.

"ரெண்டு மூக்கும் ஒரே கோட்டுல இருந்தா ரெண்டு பேருமே நல்லா விழுவீங்க" என்றாள் அவள் கேமராவுக்குப் பின்னாலிருந்து, யாரையும் பார்க்காமல்.

அத்தை துணி தைக்க வைத்திருந்த அளவுகோலை எடுத்துவந்து, இரண்டு மூக்குக்கும் நேரே குறுக்கே பிடித்தாள். எட்டவில்லை. நாற்காலிகள் முணுமுணுத்துக்கொண்டே பக்கவாட்டில் நெருங்கின.

"உன் பெரிய அண்ணனை மூக்கைக் கொஞ்சம் உள்ள இழுக்கச் சொல்லு" என்றார் அப்பா, அத்தையிடம்.

"பொறந்ததுலேருந்து எனக்கு இதே மூக்குதான்னு அவன்கிட்டச் சொல்லு" என்றார் பெரியப்பா, அவரும் அத்தையிடம்.

அத்தை இந்த மூக்கைப் பார்த்தாள். அந்த மூக்கைப் பார்த்தாள். அளவுகோல் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் கீழே போட்டுவிட்டாள்.

"தலையைச் சாய்க்காதடா, கோடு போயிடும்!"

பெரியப்பாவின் அந்த 'டா' அத்தையைத் தாண்டி நேராகவே போனது. அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். கண்ணாடியிலும் மீசையிலும் சிவப்பு ஒன்றாகப் பற்றிக்கொண்டது. அழுத்திவிட்டாள்.

அத்தை திரையைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் திரையை ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

அப்பாவும் எழுந்துவந்து குனிந்து பார்த்தார். அவர் கண் லென்ஸ் மேல் போயிற்று.

"இது என்னம்மா, நீ தொடாத இன்னொரு வளையம்? எண்ணெல்லாம் போட்டிருக்கு?"

"அது இறுகிப்போச்சுப்பா. திரும்பாது."

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா திரும்பும்."

"எண்ணெய் விட்டா கண்ணாடி போச்சு" என்றார் பெரியப்பா. "மண்ணெண்ணெய்ல துணியை நனைச்சுத் துடைக்கணும்."

"மண்ணெண்ணெயா? உனக்கு யாருண்ணே சொன்னது?"

"யாரு சொல்லணும்? நீ என்னைக்காவது ஒரு திருகாணியைக் கழட்டியிருக்கியாடா?"

சத்தம் வலுத்தது. அத்தை நடுவில் இல்லை. அவள் பாட்டுக்குப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் மகள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இறுகிப்போனதாகச் சொன்ன அந்த வளையத்தை ஒற்றை விரலால் தள்ளினாள். டிக், டிக், டிக் என்று வழுக்கிக்கொண்டு கடைசி எண் வரை போனது.

கேமராவைத் திருப்பி அறையைப் பார்த்தாள். முன்னால் சன்னல் கம்பி, பின்னால் பீரோவின் கைப்பிடி, இடையில் இருந்த ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு ஒரே நேரத்தில் பற்றி எரிந்தது.

யாரும் பார்ப்பதற்குள் வளையத்தைப் பழைய எண்ணுக்கே கொண்டுவந்து வைத்தாள்.