மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு நிறைமாதக் கர்ப்பிணி, தன்னந்தனியாக. வலி கண்டுவிட்டது.

“பயப்படாதேம்மா, நாங்க வந்துட்டோம்!” என்று மேலேயிருந்து ஒரு குரல். சரியாக ஒன்பதாவது நிமிடம் கதவு திறக்கிறது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் குழந்தை பிறந்துவிடுகிறது.

“கதை எப்படி?” என்று முதலாளி கண்ணாடி முன்னாலிருந்து திரும்பினார். மனைவியின் கண்களில் நீர் தளும்புவதைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா, அழுதுட்டே!”

“வெங்காயம் உரிக்கிறேங்க” என்றாள் அவள்.

முதலாளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். லிஃப்ட் பராமரிக்கும் சின்னக் கம்பெனி, ஐந்து மெக்கானிக்குகள், தள்ளினால் கிளம்பும் ஒரு வேன், அவ்வளவுதான். வாடிக்கைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தன.

இன்று போகப்போவது பதினாறு லிஃப்ட் உள்ள குடியிருப்பு. இந்த ஒப்பந்தமும் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் மூன்று மெக்கானிக்குகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அதை அவர்களிடம் எந்த வாயால் சொல்வது என்று நினைத்து நினைத்தே அவருக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நல்லவேளையாகப் போன மாதம் ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார். “வேலையை விக்காதீங்க, கதையை வில்லுங்க! யாரையாவது காப்பாத்தின கதையா இருக்கணும், கேக்கறவங்க கண் கலங்கணும்” என்று கோட்டுப் போட்ட ஒருவர் அங்கே மேடையில் குதித்துக் குதித்துச் சொன்னார். முதலாளி அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

“நடக்காததைப் போய்ச் சொல்றீங்களே அத்தான்” என்றான் மனைவியின் தம்பி. கம்பெனியின் தலைமை மெக்கானிக் அவன்தான். கயிறு தேய்வதற்கு முன்பே மாற்றிவிடுகிற ரகம். “பதினோரு வருஷத்துல நம்ம லிஃப்ட் ஒண்ணுகூட நடுவுல நின்னதில்ல. தேதி வாரியா நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அதைக் காட்டுங்களேன்.”

“காட்டித்தானே மூணு இடத்துல கொட்டாவி விட்டாங்க! நிக்காத லிஃப்டை வச்சுக்கிட்டு நான் என்னத்த கதை சொல்றது மாப்ளே?”

முதலாளி கிளம்பும்போது அவன் அந்த நோட்டை மட்டும் அவர் பைக்குள் திணித்துவிட்டுப் போனான்.

குடியிருப்போர் சங்க அறைக்கு வெளியே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இவருக்கு முன்னால் இன்னொரு கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் கிரீஸ் கறை, கையில் ஒரே ஒரு காகிதம். உள்ளே போனவர் நாலே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

“என்ன சார், அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?”

“நம்மகிட்ட சொல்றதுக்குப் பெருசா என்ன இருக்கு சார்” என்று தலையைச் சொறிந்தார் அவர். பாவம், பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று முதலாளி மனதுக்குள் பரிதாபப்பட்டார்.

உள்ளே ஏழு பேர். முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். சொல்லச் சொல்லக் கதைக்குக் கைகால் முளைத்தது. ஒன்பது நிமிடம் ஏழு நிமிடமானது, இரட்டைக் குழந்தை பிறந்தது, மூத்ததற்குக் கம்பெனியின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சினார். ஓர் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முடித்ததும் யாரோ கைகூடத் தட்டினார்கள். வெங்காயம் இல்லாமலே ஏழு ஜோடிக் கண்களும் கலங்கியிருந்ததைப் பார்த்து முதலாளிக்கு உச்சி குளிர்ந்தது. மூன்று பேரின் வேலையும் தப்பித்தது என்றே நினைத்தார்.

சங்கத் தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “ரொம்ப உருக்கமா இருந்துச்சு சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கட்டடத்து லிஃப்டை யாரு பராமரிச்சுக்கிட்டிருந்தாங்க?”

“நாங்கதாம்மா!” என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். “பதினோரு வருஷமா எங்க ஆளுங்களைத் தவிர வேற யாரையும் கிட்டவே விட்டதில்ல!”

வாயைப் பொத்தியிருந்த அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், “என் மருமகளுக்கு இது எட்டாம் மாசம்” என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் முதலாளிக்கு உறைத்தது. கை தானாகப் பைக்குள் போனது. நோட்டு விரலில் தட்டுப்பட்டது. எடுத்துக் காட்டினால் லிஃப்ட் நிற்கவே இல்லை என்று தெரிந்துவிடும். இவ்வளவு நேரம் புளுகியதும் சேர்ந்தே தெரிந்துவிடும். வெறுங்கையையே வெளியே எடுத்தார்.

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதிரே இருந்த ஒற்றைக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தார்.

“முன்னாடி வந்தவர்கிட்ட இந்த மாதிரி ஒரு கதைகூட இல்ல சார்.”