ஒரு துண்டு கூட வைக்கல

"யாருய்யா இங்க முதலாளி?"

நல்ல மத்தியானக் கூட்டம். சாப்பிட்டுக்கொண்டிருந்த இருபது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வாசலில் நின்றது உணவு இன்ஸ்பெக்டரின் மனைவி. அந்த இன்ஸ்பெக்டர் பேரைச் சொன்னாலே ஓட்டல்காரர்கள் தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்ப்பார்கள். வந்ததும் வராததுமாக ஒவ்வொரு பாத்திரத்திலும் தெர்மாமீட்டரை விட்டுச் சூடு பார்ப்பார். அவருக்குப் பட்டப்பேரே 'தெர்மாமீட்டர்'தான்.

"நான்தாம்மா." முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தார்.

"என் வீட்டுக்காரர் நேத்து சாயங்காலத்துலேர்ந்து வாந்தியும் பேதியுமாக் கிடக்கிறாரு. டிரிப்ஸ் ஏறுது. கேட்டா, சோதனைக்கு வந்தப்ப உங்க கடையில ருசி பார்த்தேங்கிறாரு. என்னத்தைய்யா போட்டீங்க?"

"அம்மா, அவரு வந்து..." என்று சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். முதலாளி கையைக் காட்டி அடக்கினார்.

"நேத்துக் காலையில நான் போட்ட கோழிக்கறியைச் சட்டியோட வழிச்சுச் சாப்பிட்டுட்டு ஜம்முனு கிளம்பின மனுஷன்! கை முறிஞ்சு நாலு மாசம் கட்டுப் போட்டிருந்தேன். கட்டுப் பிரிச்சதும் முதமுதலா ஆக்கினது. எனக்கு ஒரு துண்டு கூட வைக்கல, அப்படிச் சாப்பிட்டாரு. அவரைப் போய் இப்படிப் படுக்க வச்சுட்டீங்களே, பாவிகளா!"

மூலை மேசைக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் பின்னாலேயே இன்னும் மூன்று பேர். பத்து வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த பேர், ஐந்து நிமிஷத்தில் வாசல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

முதலாளி கை கூப்பினார்.

"தப்பு எங்க மேலதாம்மா. முந்தாநாள் ராத்திரி சமைச்சதை ஃபிரிட்ஜுல வைக்காம அடுப்பு மேலயே மூடி வச்சுட்டோம். காலையில நல்லாக் கொதிக்க வச்சா சரியாயிடும்னு நெனச்சோம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியில கிடந்தாலே கிருமி பெருகிடுமாம். அது கக்கற விஷம் கொதிக்க வச்சாலும் போகாதாம். இனிமே நடக்காதும்மா, மன்னிச்சுடுங்க."

இன்னும் நாலு கேள்வி கேட்கத்தான் அந்த அம்மா வாயைத் திறந்தார். சட்டென்று திரும்பிப் போய்விட்டார்.

சமையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணே? அந்த மனுஷன் நம்ம கடையில பச்சத் தண்ணி கூடக் குடிச்சதில்ல! எதுக்கு இல்லாத பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீங்க?"

"அரை மணிக்கு முன்னாடி அவரே போன் பண்ணினாருய்யா. அவரு வீட்டுல ராத்திரி முழுக்க அடுப்பு மேல கிடந்த கறியாம். 'ஆசை ஆசையாப் போட்டா, கெட்டுப்போச்சுன்னு சொல்ல வாய் வரல. உங்க கடையில சாப்பிட்டேன்னு உளறிட்டேன். சண்டைக்குக் கிளம்பிட்டா. உண்மையைச் சொல்லிடுங்க, என்னால உங்க பேரு கெட வேணாம்'னாரு."

"அப்ப சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"இருபது பேர் முன்னாலயா? இப்பதான் அந்தப் பொண்ணுக்குக் கை சரியாகியிருக்கு. இதைக் கேட்டா இனிமே கரண்டியைத் தொடுமா? போய் வேலையைப் பாருய்யா."

"நல்லாச் சேர்ந்தீங்க ரெண்டு பேரும்!" சமையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

மறுநாள் மத்தியானம் கடையில் பாதி மேசை காலி. அந்த அம்மா மறுபடியும் வந்தார். சமையல்காரர் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அந்த அம்மா நேராக வாசலோர மேசையில், தெருவுக்கே தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். முழுச் சாப்பாடு வாங்கி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நேத்து நான் கத்தினது தப்புங்க. கோளாறு இந்தக் கடையில இல்ல, வேற இடத்துல. தைரியமாச் சாப்பிடுங்க!"

கல்லா பக்கம் வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"அண்ணே, நேத்து நீங்க சொன்னது அப்படியே என் வீட்டு அடுப்புல நடந்தது. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லலம்மா. எப்படி இருக்காரு?"

"கஞ்சி குடிக்கிறாரு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஊர்ச் சாப்பாட்டையெல்லாம் சோதிக்கிற மனுஷனுக்கு, தன் தட்டுல இருக்கிறது கெட்டதுன்னு முதல் வாயிலயே தெரிஞ்சிருக்கும்ல? எனக்கு ஒரு துண்டு கூட வைக்கலையேன்னு, அன்னிக்கு அவரை நான் எவ்வளவு திட்டினேன் தெரியுமாண்ணே!"