இரண்டே கச்சேரி

அருள்குமார் பாட்டு, ஹரிபாபு கிடார். இரண்டே கச்சேரியில் திருப்பதிக் கல்லூரிகளெல்லாம் அந்தச் சித்தூர் பாப் குழுவைக் கூப்பிட ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து, இருவரும் போய்வந்த இன்டர்வியூவில் ஹரிபாபுவுக்கு மட்டும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது.

“கேசட்டு போடற நேரம், வேலை வேணாம்டா. நான் போனா குழு நின்னுபூடும்,” என்றான் ஹரிபாபு.

“நீ வாசிக்கறது சகிக்கல. வேற ஆளு பாத்துக்கினோம், கெளம்பு!” என்று அருள் எரிந்து விழுந்தான்.

தனக்கு வேலை கிடைக்காத வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று நினைத்து, ரோஷத்தோடு ரயிலேறினான் ஹரிபாபு.

வேலையில் சேர்ந்த அன்றே மேனேஜர் விசாரித்தார். “அருள்குமார் சௌக்கியமா? முதல்ல அவரைத்தான் எடுத்தோம். உங்களுக்குக் கொடுக்கச் சொல்லிட்டுப் போயிட்டார்.”

“ஏன் சார்?”

“‘அவனுக்கு நைனா இல்ல சார், வீட்டை அவன்தான் பாத்துக்கணும்’னார்.”