நிழல் பார்க்க வந்தவர்கள்

"நாலுதரம் வந்தவனுக்குக் கோயில் பூட்டுற நேரம் தெரியாதோ?"

வான் வண்டிக்குள் ஏறும்போதே தர்மிளா தொடங்கிவிட்டாள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் மதிய நடை சாத்தியாயிற்று. இனி நாலு மணிக்குத்தான்.

நிஷாந்தன் வண்டிக் கதவை இழுத்துச் சாத்தினான். கிளிநொச்சியிலிருந்து ஆட்களை இந்தியாவுக்குக் கூட்டிப்போய் வருவது அவன் தொழில். அரண்மனைக்கு ஒரு மணி நேரம் போதும் என்று சொல்லிவிட்டு, காலை முழுவதும் எல்லாரையும் அங்கேயே சுற்றவைத்தவனும் அவன்தான்.

நிஷாந்தனோடு சேர்த்து, வந்திருந்த பன்னிரண்டு பேரும் ஒரு வகுப்பில் படித்தவர்கள். சரித்திரம் படிப்பித்த சிவரூபி ரீச்சரோடு சோழர்களின் தஞ்சாவூரைப் பார்ப்பதென்று இரண்டு வருடமாகத் திட்டம் போட்டு, காங்கேசன்துறையில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி வந்திருந்தார்கள்.

ரீச்சர் முன் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார். கோயில் பூட்டியிருந்ததில் அவருக்குள் ஒரு நிம்மதி. அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

2008ஆம் ஆண்டு. அக்கராயனிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, தர்மபுரத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் பள்ளிக்கூடம் நடந்த காலம். ரீச்சருக்கு அப்போது இருபத்துமூன்று வயது, சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை. தஞ்சைக் கோபுரத்தைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது கிட்டடியில் ஷெல் விழுந்தது. பிள்ளைகள் நிலத்தோடு நிலமாகப் படுத்தார்கள். எழும்பியதும் தர்மிளா கேட்டாள், அவ்வளவு பெரிய கோபுரம் ஒருநாளும் விழாதா என்று.

"ஆயிரம் வருசமா விழேல்லை."

"நீங்கள் பாத்தனீங்களோ, ரீச்சர்?"

பதினொரு வயதுப் பிள்ளை. தலையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் ரீச்சரின் முகத்தையே பார்த்தாள்.

"ஓம், பாத்தனான். கோபுரம் என்ன, அதின்ர நிழல்கூட நிலத்திலை விழாது. நானே பக்கத்திலை நிண்டு பாத்தனான்."

உண்மையில் அதுவரைக்கும் ரீச்சர் வன்னியின் எல்லையான ஓமந்தையைக்கூடத் தாண்டியதில்லை. நிழல் கதை யாரோ சொல்லக் கேட்டது. அது வெறும் கதை, நிழல் விழத்தான் செய்யும் என்று பிற்காலத்தில் புத்தகங்களில் படித்தார். ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளைகள் பங்கருக்குப் பங்கர் அதையே ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லித் தப்பி வந்திருந்தார்கள். எந்த வாயால் திருத்துவது? இப்போது தர்மிளா தன் மகளைப் படுக்கவைக்கவும் அந்தக் கதையைத்தான் சொல்கிறாளாம். கப்பலிலும் அவளுக்கு அதே பேச்சு. ரீச்சர் நின்று பார்த்த இடத்தைக் காட்டவேண்டும், வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பவேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டில் ஒன்றரை மணி நேரம் போனது. பிறகு தலையாட்டிப் பொம்மைக் கடைக்கு விட்டான் நிஷாந்தன். பிறகு வீணை செய்கிற இடம் ஒன்றைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய் வழியைத் தவறவிட்டான். நாலு மணியும் போனது, ஐந்தும் போனது. வானுக்குள் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். கோயிலுக்குள் கால் வைக்கும்போது பொழுதுபட்டுவிட்டது.

"இந்த இருட்டிலை நிழலை எங்கை பாக்கிறது?" தர்மிளாவுக்கு அழுகை வந்துவிட்டது. விடிந்தால் எட்டு மணிக்கு நாகப்பட்டினத்துக்குப் புறப்படவேண்டும், கப்பலுக்கு.

எல்லாரும் ரீச்சரைப் பார்த்தார்கள். தன் பொய் பிடிபடாமல் போனது ரீச்சருக்கு ஆறுதல்தான். ஆனாலும் எத்தனை வருடத்து ஆசை. இவ்வளவு தூரம் வந்தும் அந்தக் கோபுரத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று நினைக்க அவருக்கும் கோபம் வந்தது.

"பொறுப்பில்லாத வேலை, நிஷாந்தன்" என்றார், அத்தனை பேருக்கும் முன்னால். "உன்னை நம்பித்தானே இவ்வளவு பேரும் வந்தனாங்கள்."

"பிழைதான், ரீச்சர்" என்றான் அவன்.

அன்றிரவு ஒருவரும் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அடுத்த நாள் விடியப்புறம், மற்றவர்கள் எழும்ப முதல் ரீச்சர் தனியே விடுதிப் படியிறங்கினார். ஒருதரமாவது பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணம். வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. பக்கத்தில் நிஷாந்தன்.

"உங்களை எழுப்பத்தான் வரவிருந்தனான். ஏறுங்கோ ரீச்சர், ஆறு மணிக்குத் திறப்பினம்."

கோயிலுக்குள் போய் ரீச்சர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். கண் கலங்கியது. சூரியன் மதிலுக்கு மேலே வந்ததும் மெதுவாகக் கோபுரத்தின் பின்பக்கத்துக்கு நடந்தார். அங்கே முற்றத்துக் கல்லில், கோபுரத்தின் நிழல் நீட்டி நிமிர்ந்து விழுந்து கிடந்தது.

நிஷாந்தன் இரண்டடி தள்ளி நின்றான். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"பொய் சொன்னனான், நிஷாந்தன். நான் இஞ்சை முந்தி வந்ததே இல்லை."

"தெரியும், ரீச்சர். முதல்தரம் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்த அண்டைக்கே இந்த நிழலைத்தான் தேடிப் பாத்தனான்."

ரீச்சர் அவனைத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் கேட்டார்:

"பிறகேன் மற்ற ஆக்களுக்குச் சொல்லேல்லை?"

"சொல்லுறதெண்டால், நேற்றுப் பகலே இஞ்சை கூட்டிக்கொண்டு வந்திருப்பனே, ரீச்சர்."